ஒரு நாடு, இரண்டு மணிக்கூடுகள்

கடந்த ஆண்டு எனது தமக்கையின் மகளுக்குத் திருமணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ரொரன்ரோவில் இருந்தார்கள். குறிப்புகள் மின்னஞ்சலில் கைமாறின. பிள்ளை 1998ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவள். அவள் பிறந்தபோது வெள்ளவத்தையில் இருந்த சோதிடர் ஒருவர் கையால் கணித்து எழுதிய குறிப்பில் ஓர் இலக்கினம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கணனியில் இட்டுப் பார்த்தபோது அதற்கு அடுத்த இலக்கினம் வந்தது. பிறந்த திகதி ஒன்று, நேரம் ஒன்று, ஊர் ஒன்று. இலக்கினம் மட்டும் இரண்டு. எங்கள் சமூகத்தில் இதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண் வீட்டார் குறிப்பை மாற்றி எழுதிவிட்டார்கள் என்ற பேச்சு மெல்ல எழுந்தது. தமக்கை அழுதாள்.

பிள்ளையின் தமையன் வெளிநாட்டில் மென்பொருள் பொறியியலாளனாக இருக்கிறான். சோதிடத்தில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தாயின் கண்ணீரை அவனால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை யாரும் திறந்து வாசிக்கலாம். அவன் வாசித்தான். பிறகு நள்ளிரவில் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மாமா, இதில இலங்கை எண்டால் எந்தக் காலத்துக்கும் அஞ்சரை மணித்தியாலம் எண்டு ஒரே வரியில எழுதி வைச்சிருக்கினம். தங்கச்சி பிறந்த காலத்தில எங்கட நேரம் வேறயா இருந்ததா?"

இருந்தது. அந்தக் காலத்தில் நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியின் ஆசிரியபீடத்தில் இளம் உதவி ஆசிரியன். அந்த அரை மணித்தியாலத்தின் கதையை அன்றிரவு அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டின் முற்பகுதியில் மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்களையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் மின்வெட்டு அன்றாட வாழ்வாகிவிட்டது. மாலையில் விளக்கு ஏற்றும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று அரசாங்கம் கருதியது. அவ்வாண்டு மே 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருந்த இலங்கை ஆறரை மணித்தியாலம் முந்தியது. காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்குப் போனார்கள். முணுமுணுப்பு வளர்ந்தது. ஐந்து மாதங்களின் பின்னர், ஒக்டோபர் 26ஆம் திகதி அதிகாலை 12.30க்கு, அரை மணித்தியாலம் பின்னே எடுத்து ஆறு மணித்தியாலம் என்று நிறுத்தினார்கள். அந்த ஆறு, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது.

இது கொழும்பின் கதை. நாட்டின் கதை இதனோடு முடியவில்லை.

விடுதலைப் புலிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மணிக்கூடுகள் பழைய ஐந்தரையிலேயே ஓடின. ஆகவே 1996 ஒக்டோபருக்குப் பின்னர் வவுனியாவுக்கும் வன்னிக்கும் இடையில் அரை மணித்தியால இடைவெளி இருந்தது. போர்நிறுத்தத்தின் பின்னர் 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது அதில் பயணம் செய்தவர்களுக்கு இது நன்கு நினைவிருக்கும். ஓமந்தையில் படையினரின் சோதனைச் சாவடியைக் கடந்து புளியங்குளத்தை அடைந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்ப வேண்டும். முகமாலையைக் கடந்து யாழ்ப்பாணத்தினுள் நுழைந்ததும் மறுபடியும் முன்னே திருப்ப வேண்டும். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்க நாள் குறித்ததில்லை. 1996 செப்டெம்பரில் படையினர் வசமாகி, 1998 செப்டெம்பரில் மீண்டும் புலிகள் வசமான கிளிநொச்சி போன்ற ஓர் ஊரில் எது நேரம் என்பதைப் போர்முனையே தீர்மானித்தது.

ஆசிரியபீடத்தில் இது எங்களுக்குப் பெருந் தலையிடியாக இருந்தது. வன்னியிலிருந்து வரும் செய்தியில் "காலை 8 மணிக்கு" என்றிருக்கும். அரச தரப்பின் அறிக்கையில் அதே சம்பவம் 8.30க்கு என்றிருக்கும். இரண்டும் உண்மை. அவசரத்தில் இரண்டையும் ஒரே பந்தியில் அச்சிட்டு, ஒரு சம்பவத்தை இரண்டு சம்பவங்களாக வாசகர்கள் எண்ணும்படி செய்த நாட்களும் உண்டு. அந்தப் பத்திரிகைகளை இன்று புரட்டி வரலாறு எழுதப் புகும் இளையவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்ததும் மருமகன் சிரித்தான். "நீங்கள் சொன்ன எல்லாம் ஒரு கோப்பில ஏற்கெனவே இருக்குது மாமா" என்று அதை எனக்கு அனுப்பி வைத்தான். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் இருந்தும் அப்படி ஒன்று இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அதன் பெயர் நேர வலயத் தரவுத்தளம். 1980களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் அதைத் தொடக்கினார். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த போல் எகர்ட் அதைப் பேணும் பொறுப்பை ஏற்றார். உலகில் எந்த ஊரில், எந்த நாளில், மணிக்கூடு எவ்வளவு முன்னே அல்லது பின்னே நகர்ந்தது என்பதை வரி வரியாக எழுதி வைத்திருக்கும் சாதாரண எழுத்துக் கோப்புகள் அவை. லினக்ஸ் கணனிகள், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள், ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாம் நேரம் அறிய நாடுவது இதனையே. வலயங்களுக்கு நாட்டின் பெயர் இல்லை, நகரத்தின் பெயர்தான். அரசுகளும் எல்லைகளும் மாறும், நகரம் இருக்கும் என்பது அதன் நியாயம். எங்களுடைய வலயம் "ஆசியா/கொழும்பு".

அதில் கொழும்புக்கு உரிய வரிகளை வாசித்தபோது, பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த எனக்கு ஒரு காலக்குறிப்பேட்டை வாசிப்பது போலவே இருந்தது. 1906 சனவரி 1 முதல் ஐந்தரை மணித்தியாலம். அதற்கு முன் மொரட்டுவை நேரம் என்ற ஒன்று: 5 மணித்தியாலம் 19 நிமிடம் 32 வினாடி. கொழும்பின் சொந்த நேரத்தைவிட அது எட்டு வினாடி கூட. 1942 சனவரி 5இல் போர் காரணமாக அரை மணித்தியாலம் முன்னே. அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலம். 1945 ஒக்டோபர் 16இல் பழையபடி ஐந்தரை. பின்னர் 1996இன் இரண்டு மாற்றங்கள், 2006இன் ஒரு மாற்றம். பிரித்தானியர் ஆட்சி, உலகப் போர், வரட்சி, உள்நாட்டுப் போர் எல்லாம் பத்து வரிகளுக்குள் அடங்கிவிட்டன.

இவை வெறும் எண்கள் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை ஏழரை மணியளவில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஜப்பானியக் கடற்படை தோக்கியோ நேரத்தில் குறிப்பு எழுதியது. அதைக் கொழும்பின் ஏழரையோடு ஒப்பிட விரும்பும் ஆய்வாளர், சனவரியில் நகர்ந்த அந்த அரை மணித்தியாலத்தை அறியாவிட்டால் தவறான முடிவுக்கே வருவார்.

கோப்பில் வரிகளுக்கு மேலே ஆதாரக் குறிப்புகளும் உண்டு. 1899இல் ஜோன் மில்ன் என்ற அறிஞர் கொழும்பின் நேரத்தை 5 மணித்தியாலம் 4 நிமிடம் 21.9 வினாடி என்று எழுதியிருக்கிறார். அது கொழும்பின் நெட்டாங்கோடு பொருந்தவில்லை. ஆதலால் இப்போதைக்கு அவரை விட்டுவிட்டு வேறு நூலைப் பின்பற்றுகிறோம் என்று எகர்ட் குறித்திருக்கிறார். மூலங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, தாம் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் வெளிப்படையாக எழுதி வைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் எங்கள் பேராசிரியர்கள் எங்களுக்குக் கற்பிக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது 2006ஆம் ஆண்டின் குறிப்பு. புலிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவில்லை என்ற ரொய்ட்டர் செய்தியை எடுத்து எழுதிவிட்டு, தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் இந்தியாவின் வலயத்தைப் பயன்படுத்தலாம், இரண்டும் பொருந்தியே வந்துள்ளன என்று எகர்ட் எழுதியிருக்கிறார். யார் சரி, யார் பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. அங்கே மக்களின் சுவரில் தொங்கிய மணிக்கூடு என்ன காட்டியது என்பது மட்டுமே அவருடைய கேள்வி. எங்கள் போரைப் பற்றி எத்தனையோ நூல்களை வாசித்திருக்கிறேன். அந்த அரை மணித்தியாலத்தைக் குறித்து வைத்தவை அவற்றுள் மிகச் சில.

இந்தக் கோப்புக்கும் ஒரு வழக்கு வந்தது. 1970க்கு முந்திய தரவுகளிற் பல, சோதிடர்களுக்காக அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட ஒரு நில நேர அட்டவணையிலிருந்து பெறப்பட்டவை. அதன் உரிமை தன்னுடையது என்று அஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011 செப்டெம்பர் இறுதியில் ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. தரவுத்தளம் சில நாட்கள் இணையத்திலிருந்து மறைந்தது. நடந்து முடிந்த வரலாற்று உண்மைக்கு யாரும் உரிமை கோர முடியாது என்று பலரும் வாதிட்டனர். 2012 பெப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்னரே, 2011 ஒக்டோபரில், இணைய எண்கள் ஒதுக்கீட்டு ஆணையம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இனி 2006க்கு வருகிறேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை 12.30ஐ மீண்டும் நள்ளிரவு 12 மணியாக்கி, நாடு ஐந்தரைக்குத் திரும்பியது. சுபநேரங்கள் குழம்புகின்றன என்று முறையிட்ட பௌத்த பிக்குகளும் சோதிடர்களும், பிள்ளைகள் இருட்டில் போகிறார்கள் என்று வருந்திய பெற்றோரும் மகிழ்ந்தார்கள். கணனிகள் மகிழவில்லை. அந்த இரவில் 12 மணி முதல் 12.30 வரையான அரை மணித்தியாலம் இரண்டு முறை வந்தது. 12.10க்குப் பதிவான இரண்டு செய்திகளில் முந்தியது எது? 1996 மே 25இல் இதற்கு மறுதலை: நள்ளிரவு 12 முதல் 1 மணி வரை என்று ஒரு நேரமே இல்லை. ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணிக்கே தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அத்தகைய நாளில் தடுமாறும். பதிவுகளைக் கிறீன்விச் நேரத்தில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதே இதற்கு மருந்து என்று மருமகன் விளக்கினான்.

வலயம் மட்டுமல்ல, மொழியும் பணமும் இப்படித்தான் என்றான் அவன். தமிழ் என்றால் இந்தியா என்று கருதி எழுதிய மென்பொருளில், யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் தமிழைத் தெரிவு செய்ததும் அவரது கணக்கு இந்திய ரூபாயாகிவிடும். சென்னையில் ஒரு கோடியை 1,00,00,000 என்று காற்புள்ளியிடுவார்கள். கொழும்பில் அதே தொகை 10,000,000, அதாவது 10 மில்லியன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் ஆட்சி நடத்தும் பணம் வேறு. ஆகவே தமிழையும் நாட்டையும் இணைத்து, "தமிழ், இலங்கை", "தமிழ், சிங்கப்பூர்" என்று தனித்தனிக் குறிப்புகளைத் தன்னார்வலர்கள் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு மொழி, பல நாடுகள். எங்கள் விடயத்தில், ஒரு நாடு, இரண்டு நேரங்கள்.

ஏப்ரல் 2006இல் கொழும்பும் வன்னியும் ஒரே நேரத்துக்கு வந்தபோது, இனி எல்லாம் ஒன்றுபடும் என்று நம்பியவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். நான்கு மாதங்களில், ஓகஸ்ட் 11ஆம் திகதி, முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டது. மணிக்கூடுகள் ஒத்துப்போன பின்னரே பாதை அடைபட்டது.

மருமகன் அந்த ஒற்றை வரியை நீக்கி, தரவுத்தளத்தைக் கேட்டு நேரம் அறியும்படி மாற்றி அனுப்பினான். மென்பொருளைப் பேணுபவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் புதிய பதிப்பில் பார்த்தபோது வெள்ளவத்தைச் சோதிடரின் இலக்கினமே வந்தது. தை மாதத்தில் திருமணம் இனிதே நடந்தது.

ஆனால் 1999இல் புதுக்குடியிருப்பில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இந்தத் திருத்தம் உதவாது. "ஆசியா/கொழும்பு" என்று தெரிவு செய்தால் அரை மணித்தியாலம் பிழைக்கும். எந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறித்தார்கள் என்பதைத் தாயோ பேர்த்தியாரோதான் சொல்ல வேண்டும். அவர்களிற் பலர் 2009ஐத் தாண்டவில்லை. தாண்டியவர்களுக்கும் வயதாகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.