மட்டாஞ்சேரி அரண்மனை வளாகம்

தோப்பும்படியிலிருந்து வடக்கே மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் 'டச்சு அரண்மனை' என வழங்கப்பெறும் மாளிகையைக் காண்பர். இப்பெயர் வரலாற்றோடு முழுதும் பொருந்துவதன்று. 1555-ஆம் ஆண்டளவில் இதனை எடுப்பித்துக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தோர் போர்த்துக்கீசியர் ஆவர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் இதனைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். கட்டியோர் பெயர் மறைந்து, செப்பனிட்டோர் பெயர் நிலைத்துவிட்டது.

காண வருவோருள் பலர் மாடியிலுள்ள இராமாயணச் சுவரோவியங்களோடு நிறைவுற்று மீள்கின்றனர். அவற்றின் சிறப்பு மறுக்கவொண்ணாதது. எனினும் இவ்வரண்மனையின் இயல்பை உணர அதன் நிலப்பரப்பைச் சுற்றி வருதல் இன்றியமையாதது. ஐரோப்பியர் எழுப்பியதாயினும் இது கேரள மரபுவழி நாலுகெட்டு அமைப்பினதே. நடுமுற்றத்தில் அரச குலதெய்வமாகிய பழையன்னூர் பகவதியின் கோயில் உள்ளது. வளாகத்தில் கண்ணனுக்கும் சிவனுக்கும் தனிக் கோயில்கள் உள. அந்நியர் கொடையாக வந்த மனையில் நடுவிடம் யாருக்குரியது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

அரண்மனை நிலத்தை ஒட்டியே, அரசர் அளித்த இடத்தில், 1568-இல் பரதேசி யூதர் தம் தொழுகைக்கூடத்தை அமைத்தனர். 1662-இல் போர்த்துக்கீசியரால் சிதைவுற்ற இக்கூடம், ஒல்லாந்தர் வந்தபின் மீண்டும் கட்டப்பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த மணிக்கூண்டு தனியே நோக்கத்தக்கது. நெருக்கமான தெருவில் நடப்போர் அதனை அண்ணாந்து பார்ப்பதரிது. தொழுகைக்கூடத்தை நோக்கிய முகப்பில் எபிரேய எண்கள். அரண்மனையை நோக்கிய முகப்பில் மலையாள எண்கள்.