சின்னப்பொண்ணுவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள்

சின்னப்பொண்ணு, சிவகங்கை மாவட்டம் சூராணத்தைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி. ஊர்த் திருவிழா மேடைகளில் பாடத் தொடங்கிய இவர், திரைப்பாடல் வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தார். பின்னணிக் குரலாக, இசை நிகழ்ச்சிப் பாடகியாக, போட்டியாளராக எனச் சின்னத்திரையில் இவரது இடம் மாறிக்கொண்டே வந்துள்ளது.

பின்னணி
சூராணத்தின் சுற்றுவட்டாரத்தில், திருச்சுழி, நரிக்குடியிலிருந்து கிழக்கே இளையான்குடி வரை நீள்வது வானம் பார்த்த பூமி. முளைப்பாரி எடுக்கும் நாள்களில் கும்மி, பொங்கல் விழாக்களில் நையாண்டி மேளத்துடன் கரகாட்டம், வயலிலும் வண்டியிலும் தெம்மாங்கு என இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப்பாட்டு உண்டு. விழா மேடையில் பாட்டுக்குக் கால வரம்பு கிடையாது. கூட்டம் கேட்கக் கேட்க அடிகள் கூடும், விடிய விடியவும் நடக்கும். சிறுவயதிலேயே கோயில், தேவாலயத் திருவிழாக்களில் பாடிய சின்னப்பொண்ணுவைப் பெரிய மேடைகளுக்கு அழைத்து வந்தவர், இளையான்குடி வட்டாரத்தவரும் 'வடு' நூலின் ஆசிரியருமான நாட்டாரியல் ஆய்வாளர் கே. ஏ. குணசேகரன்.

திரைப்பாடலும் சின்னத்திரையும்
வித்யாசாகர் இசையமைத்த 'சந்திரமுகி' (2005) இவரைத் திரையுலகில் அறிமுகப்படுத்தியது. விஜய் ஆண்டனி இசையில் 'காதலில் விழுந்தேன்' (2008) படத்துக்குப் பாடிய 'நாக்க முக்க', பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. பாடல் காட்சியில் வாயசைப்பது நடிகர்கள் என்பதால், தொலைக்காட்சியில் அது எத்தனை முறை ஓடினாலும் நேயர்களுக்குக் குரல்தான் பழகியது, முகம் பழகவில்லை.

கோக் ஸ்டுடியோ
எம்டிவி 2011இல் தொடங்கிய 'கோக் ஸ்டுடியோ' முதல் பருவத்தில், லெஸ்லி லூயிஸின் இசை அமைப்பில் பாடகர் கைலாஷ் கேருடன் இணைந்து சின்னப்பொண்ணு 'வெத்தல' பாடலைப் பாடினார். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே அரங்கில் சேர்ந்து வாசிப்பதைப் படம்பிடிப்பது இந்நிகழ்ச்சியின் முறை. தெம்மாங்குக் குரல் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே எழுவதை வட இந்திய நேயர்கள் கண்ணாலும் பார்த்தனர்.

பிக் பாஸ்
கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' ஐந்தாம் பருவம் 2021 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. அதில் போட்டியாளராக நுழைந்த சின்னப்பொண்ணு, நான்காவது வாரத்தில் வெளியேறினார். அங்கே பாட்டு இடையிடையே வருவது மட்டுமே. ஒரே வீட்டில் தங்கும் போட்டியாளர்கள் நாள் முழுதும் பழகும் விதமே நேயர்களின் வாக்குகளைத் தீர்மானித்தது.

ஒப்பீடு
'தூள்' (2003) படத்தால் புகழ்பெற்ற பரவை முனியம்மா, பின்னர் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தினார். புதுக்கோட்டை வட்டாரப் பாடகர் செந்தில் கணேஷ், விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' ஆறாம் பருவத்தில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி 2018இல் பட்டம் வென்றார். சின்னப்பொண்ணுவுக்கும் பரவை முனியம்மாவுக்கும் சினிமாவே சின்னத்திரைக்கு வழிவிட்டது. செந்தில் கணேஷுக்குப் பரவலான புகழைத் தந்தது சின்னத்திரைதான்.