குடியிருக்கும் வண்டி

லாரி சேசிஸின் மேல் வீடு கட்டிக்கொண்டு காடு மலையெல்லாம் சுற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் பலகை என்று காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நம்புகிறார்கள். அவர்களை உட்காரவைத்து நான் சொல்வது இதுதான்: தம்பி, வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகிற வாழ்க்கை இந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், பெருமுக்கல் மலை தெரிகிற இந்தப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

என் தாத்தா மாட்டு வண்டி செய்த ஆசாரி. அப்பா மாட்டு வண்டியில் தொடங்கி லாரிக்கு மாறியவர். நான் லாரி பாடி கட்டுகிறேன். அதனால் பழைய நூல்களைப் படிக்கும்போதும் என் கண் வண்டியின் கட்டுமானத்தைத்தான் தேடும்.

சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மா நாடு என்று பெயர். நல்லியக்கோடன் ஆண்டான். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உண்டு. அதே நூலில் உப்பு விற்கும் உமணர்கள் குடும்பத்தோடு வண்டியில் வருகிறார்கள். அவர்களோடு வந்த மந்தி பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. சரக்கு ஏற்றிய வண்டியே அவர்களுக்கு வீடாகவும் இருந்திருக்கிறது.

அந்த வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள, காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படைக்குப் போக வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் வண்டியை ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறார். மேலே குடிசை போல வேய்ந்த கூரை. வாசலில் கோழி அடையும் கூடு. நடுவில் துளையிட்ட சிறிய உரல் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. காடி வைத்த கலத்தையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முன்புறத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து எருதுகளை ஓட்டுகிறவள் ஒரு தாய். ஆண்கள் பக்கவாட்டில் நடந்து காவல் காக்கிறார்கள். உரலைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டதும், கலத்தைக் கட்டிவைத்ததும் மேடுபள்ளத்தில் நாள்கணக்காக வண்டி ஓட்டியவர்களின் அறிவு. குலுங்குகிற வண்டியில் கட்டாத பொருள் எதுவும் நிலைக்காது. புறநானூற்றில் ஔவையார் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: பள்ளத்திலும் மேட்டிலும் என்ன ஆகுமோ என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். இன்று லாரியின் அடியில் ஸ்டெப்னி தொங்குகிற இடமும் ஏறக்குறைய அதுதான்.

பெருமுக்கல் மலைக்கு இன்னொரு வண்டிக் கதையும் உண்டு. வெள்ளைக்காரர் ஏடுகளில் இதன் பெயர் பெர்மாகோயில். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், அதே ஆண்டு மார்ச்சில் இந்த மலைக்கோட்டையைப் பிடித்தார். 1780இல் மைசூரின் ஹைதர் அலி படையெடுத்தபோது கோட்டை மீண்டும் முற்றுகைக்குள் வந்தது. 1781 ஜனவரியில் கூட் திரும்ப வந்து அதை மீட்டார். அதன்பின் கடலூருக்குப் போன அவருடைய படை, ஜூன் வரை பெரிதாக நகர முடியாமல் கிடந்தது. போதுமான காளைகள் இல்லை, தானியமும் இல்லை. ஹைதரிடமோ பின்னாளில் அமிர்த மகால் என்று பெயர் பெற்ற மைசூர்க் காளைகள் இருந்தன. பீரங்கியை இழுத்துக்கொண்டு வேகமாக நடக்கும் இனம் அது. அந்தப் போர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தளபதிகளின் பெயரைச் சொல்கிறார்கள். அச்சு முறிந்தால் இரவோடு இரவாக மாற்றிக் கொடுத்த தச்சர்களும் கொல்லர்களும் படையோடு கூடவே நடந்தார்கள். அவர்கள் பெயரையும் யாராவது எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

தாத்தா காலத்துக் கூண்டு வண்டியைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். குடமும் வட்டையும் கருவேல மரம். சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டாவைச் சூடேற்றி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி ஆரக்கால்களை இறுக்கிப் பிடிக்கும். மேலே மூங்கிலை வளைத்துப் பாய் வேய்வார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரிப்பார்கள். இரவில் அதன்மேல் படுக்கலாம். தங்குமிடத்தில் அந்த வைக்கோலிலேயே கொஞ்சம் உருவி மாட்டுக்குப் போடலாம். சின்ன வண்டியில் ஒரே பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பதை அவர்கள் வாழ்ந்தே தெரிந்துகொண்டார்கள்.

பிறகு லாரிக் காலம் வந்தது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். எஞ்சின், ஸ்டியரிங், நான்கைந்து மீட்டருக்கு வெறும் இரும்புச் சட்டம். டிரைவர் பலகையில் உட்கார்ந்து, முகத்தில் துண்டு கட்டி, வெயிலிலும் காற்றிலும் பட்டறை வரை ஓட்டி வருவார். கேபினும் பாடியும் நம் ஆசாரிகளின் கை. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கும், கரூர் பஸ்ஸுக்கும் பேர் பெற்றன. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே படுக்கைப் பலகை, அதற்கு அடியில் பெட்டி, சாமி படத்துக்கு ஒரு மாடம், வெளியே ஸ்டவ்வும் பாத்திரமும் வைக்க டூல் பாக்ஸ் எல்லாம் டிரைவரும் கிளீனரும் கேட்டுக் கேட்டுப் பட்டறையில் உருவானவை.

பெருமுக்கல்லைச் சுற்றிக் கல் குவாரிகள் இருப்பதால், எங்களுக்குக் கரடுமுரடுப் பாதை பள்ளிக்கூடம் ஆனது. குவாரிப் பாதையில் முன் இடச் சக்கரம் பாறைமேல் ஏறி, பின் இடச் சக்கரம் குழியில் இறங்கினால், சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும்; அப்போதுதான் நாலு சக்கரமும் தரையைப் பிடிக்கும். அதன்மேல் கெட்டியான பெட்டியை அசையாமல் இறுக்கினால் மூலை விரியும், கதவு சிக்கும், கண்ணாடி உடையும். அதற்காகத்தான் அப்பா சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் முழு நீளத்துக்கு மரக்கட்டை கொடுப்பார். யு-போல்ட் போட்டுக் கட்டுவார். சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் துளை போட விடமாட்டார், வெல்டிங் வைக்க விடமாட்டார். அங்கேதான் பளு அதிகம். சின்னத் துளையிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். வீடு கட்டக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இன்னும் ஒரு படி போகிறேன். பின்பக்கத்தை இறுக்கி, முன்பக்க போல்ட்டுகளில் ஸ்பிரிங் போடுகிறேன். சட்டம் முறுக்கும்போது பெட்டி கொஞ்சம் எழும்பி மறுபடி அமரும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் இரண்டு அச்சுக்கு நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. உச்சியில் பாரம் ஏற்றினால் சரிவில் வண்டி சாயும்.

இதையெல்லாம் சுற்றுலாவுக்கு முன்பே தினமும் செய்து காட்டியவர்கள் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்கள். போர்வெல் போடும் ரிக் ஒரு லாரி. கம்பி, டீசல், தண்ணீர், அரிசி, படுக்கை சுமக்கும் துணை லாரி இன்னொன்று. தார் ரோட்டை விட்டு இறங்கி, உழுத வயலிலும் முள்காட்டிலும் போய் நிற்பார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை மாதக்கணக்கில் அந்த லாரியே அவர்களுக்குச் சமையலறை, படுக்கையறை. நாடு முழுக்க ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் காட்டியவர்களின் வீடு அது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரவனுக்குத் தனித் தர விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் வேலை தொடங்குகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். பல பத்தாண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்தவர்களுக்கு இது தாமதமாகக் கிடைத்த நியாயம்.

பயண வண்டி கட்ட விரும்பும் பிள்ளைகளை நான் மனதார வரவேற்கிறேன். அவர்கள் முதலில் ஒரு ரிக் லாரி சமையல்காரரோடும் ஒரு பழைய லைன் லாரி டிரைவரோடும் அரைநாள் உட்கார்ந்து பேச வேண்டும். எதை எங்கே கட்ட வேண்டும், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் தூக்கம் வரும், எந்தச் சாமான் வழியில் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். வயதான ஆசாரிகளின் அளவுகளையும் கட்டுமுறைகளையும் இப்போதே யாராவது எழுதிவைக்க வேண்டும். உமணர் வண்டியை எழுத ஒரு புலவர் இருந்தார். லாரி கட்டியவர்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.