மறுகுடியமர்வும் மறுவாழ்வும்

நிலம் எடுப்பதைப் பற்றிய அரசு ஆவணங்களில் 'ரீசெட்டில்மென்ட்', 'ரிஹாபிலிடேஷன்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இணைந்தே வருகின்றன. ஆதலின் இரண்டும் ஒரே பொருளுடையன என்று கருதுவோர் பலர். அவ்வாறு கருதுவதால் பெரிதும் இழப்பவர்கள் நிலமற்ற நம் மக்களே.

முன்னதன் வேர், இருக்கை எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். இடம் பெயர்க்கப்பட்ட குடும்பத்தை வேறோர் இடத்தில் மீண்டும் அமர்த்துவதே மறுகுடியமர்வு. மனையும் வீடும் தந்தால் அது முடிந்துவிடும். பின்னதன் வேர், தகுதியுடைமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். உழைத்து வாழும் ஆற்றலை மீண்டும் உண்டாக்குவதே மறுவாழ்வு. அதற்கு மனை மட்டும் போதாது; தொழிலும் பயிற்சியும் வேண்டும்.

1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பெற்றபோது நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலத்தில் உரிமையுடையோர்க்கு இழப்பீடு தருவதைப் பற்றியே அது பேசிற்று, இவ்விரண்டையும் கடமையாக்கவில்லை. பிறர் வயலில் நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர்க்கு, நிலம் போனபோது வேலையும் போயிற்று. ஆயினும் சட்டத்தின் கணக்கில் அவர் இழந்தது ஏதுமில்லை.

2013இல் இயற்றப்பெற்று, 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் இவ்விரு சொற்களையும் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. நிலம் எடுப்பதற்கு முன் மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதனாலேயே வாழ்ந்த விவசாயக் கூலிகளின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது ஏற்கின்றது. வேலை, அன்றி ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அன்றி 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என மறுவாழ்வுக்கு வழி வகுக்கின்றது.

2023 சூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட நிலங்களில் வளர்ந்து நின்ற நெற்பயிரினூடே சுரங்க விரிவாக்கத்திற்காகக் கால்வாய் வெட்டப்பட்டது. பயிரழிவுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது பயிருக்கான இழப்பீடு. அடுத்த போகத்தில் அவ்வயல்களில் நாற்று நடவிருந்த கைகளுக்கு அது மறுவாழ்வு ஆகாது.

தகுதியுடையவராக்குதல் கல்வியின் பணியும் ஆகும். நாளை நம் வாசலுக்கு ஒரு படிவம் வருமாயின், அதில் மனை மட்டும் உள்ளதா, தொழிலும் உள்ளதா என்று நம் பிள்ளைகள் படித்துக் கேட்க வேண்டும். பட்டா இல்லாத பெற்றோர் உழைத்த ஆண்டுகளுக்குரிய சான்றுகளையும் அவர்களே பேணி வைத்தல் வேண்டும். இரு சொற்களின் வேறுபாட்டை அறிந்தவரிடம், ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டையும் கொடுத்ததாக எவரும் எழுதிக்கொள்ள இயலாது.