கப்சாய் கற்பித்த பாடம்



பினாங்கில் 'கப்சாய்' வண்டியை அறியாதார் இலர். ஹோண்டா நிறுவனத்தின் 'கப்' என்னும் பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் அது. என் தந்தையார் ஒரு சி70 கப்சாயில்தான் ஜோர்ஜ்டவுனிலிருந்து ஃபெரி ஏறி, பட்டர்வொர்த் துறைமுகத்திற்கு வேலைக்குச் சென்று வந்தார். அவர் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகளாக அவ்வண்டி வீட்டின் பின்புறம் துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா மறுமொழி கூறவில்லை. அந்த மௌனமே என்னைத் தடுத்தது.

எனக்கோ ஸ்பானர் பிடிக்கவும் தெரியாது. "கையில் எண்ணெய் படக்கூடாது, போய்ப் படி" என்று தந்தையார் வளர்த்த பிள்ளை நான்.

ஆனால், இவ்வண்டியின் வரலாறே எண்ணெய் படிந்த கைகளின் வரலாறுதான். 1906இல் ஜப்பானில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த சோய்சிரோ ஹோண்டா, 1922இல் தோக்கியோவில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த பணி, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! அவரும் அவருடைய கூட்டாளி தாக்கியோ புஜிசாவாவும் 1958இல் 'சூப்பர் கப்'பை வெளியிட்டனர். 49 சிசி எஞ்சின், கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத அமைப்பு, சேறு தெறிக்காமல் காலை மறைக்கும் நெகிழி முன்மறைப்பு என எளியோருக்காகவே உருவான வண்டி அது. 2017இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

அதை நம் நாட்டிற்குக் கொண்டுவந்தவர் பினாங்கின் தான் ஸ்ரீ லோ பூன் சியூ. 1915இல் சீனாவின் புஜியான் மாநிலத்தில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கு வந்தவர். பள்ளிக் கல்வி வாய்க்காத அவர், பேருந்துகளைக் கழுவியும் பட்டறையில் தொழில் பழகியும் முன்னேறினார். 1958இல் ஜப்பானுக்குச் சென்றபோது இவ்வண்டியைக் கண்டு, மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார்.

நான் அண்டை வீட்டுச் சீனப் பெரியவரிடம் பாடம் கேட்டேன். "எரிபொருள், காற்று, தீப்பொறி. இம்மூன்றில் எது இல்லை என்று தேடு" என்றார். ஐந்தாம் ஆண்டு பயிலும் என் மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். புளித்து நாறிய பழைய பெட்ரோலை வடித்தோம். எஞ்சின் எண்ணெயை மாற்றினோம். காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தோம். பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் இல்லாத இடத்தில் எஞ்சின் உடலோடு ஒட்டிவைத்து உதைத்தபோது நீலப்பொறி தெரிந்தது. ஆக, குறை எரிபொருள் வரும் வழியில்தான். கார்புரேட்டரைப் பிரித்தால், ஊசிமுனையளவு ஜெட் துளையில் பெட்ரோல் கறை பிசினாய் இறுகியிருந்தது. துளை அகன்றுவிடாதபடி மெல்லிய செப்பு இழையால் அதை நீக்கியவள் என் மகள்.

இருபது முறைக்கும் மேல் உதைத்திருப்பேன். திடீரென எஞ்சின் உயிர்பெற்றது. சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை; வாசற்கதவைப் பார்த்தார்.

சாலை வரியும் காப்புறுதியும் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. ஆதலால், வண்டி வீட்டு வளாகத்தைத் தாண்டவில்லை. தந்தையார் என்மீது கொண்ட அன்பினால் என் கைகளைக் காத்தார். என் மகளின் நகக்கண்ணில் படிந்த கறையைக் கண்டால் அவர் கடிந்திருப்பார். நான் கடியவில்லை. பெற்றோர்களே, பாடநூலை ஒரு மாலை மூடிவைத்து, உங்கள் பிள்ளையிடம் ஒரு ஸ்பானரைக் கொடுத்துப் பாருங்கள்.