வெளியே நிற்பவரின் பொறுப்பு: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வட்டாரத்தின் தீ விபத்துகளில் களக் கட்டளை

1. ஆய்வுப் பொருள்

தீப்பிடித்த பனியன் கம்பெனியின் முன் முதல் தீயணைப்பு வண்டி வந்து நின்றதும், இறங்கும் நிலைய அலுவலரை நோக்கி ஒரே நேரத்தில் பல குரல்கள் எழும். கம்பெனிக்காரர் கப்பலேற வேண்டிய சரக்கைக் காட்டுவார். பக்கத்துக் கட்டடக்காரர் தம் சுவரைக் காட்டுவார். மாடியில் ஆள் இருப்பதாகக் காவலாளி சொல்வார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் மறுப்பார். அந்த இரைச்சலுக்கு நடுவே அலுவலர் முதலில் என்ன செய்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒருவர் வெளியே நின்று முழுக் களத்தையும் பார்த்து, உள்ளே சென்ற ஒவ்வொருவருக்கும் கணக்கு வைத்திருப்பதே களக் கட்டளையின் சாரம் என்பது இக்கட்டுரையின் துணிபு. எரியும் கட்டடத்துக்குள் போவதற்கு வேண்டிய துணிவை நாம் அனைவரும் அறிவோம். உள்ளே போகத் துடிக்கும் கால்களை நிறுத்தி வெளியே நிற்பதற்கும் துணிவு வேண்டும். அது வெளியே தெரிவதில்லை, பாராட்டப்படுவதும் இல்லை. பஞ்சும் துணியும் நிறைந்த திருப்பூரில் உயிர்களைக் காக்கப்போவது பெரும்பாலும் அந்தத் துணிவுதான்.

2. களத்தின் இயல்பு

2.1 எரிபொருள்

பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரங்களின் நூற்பாலைகளில் தொடங்கி, நிட்டிங், சாயப்பட்டறை, ரைசிங், பிரிண்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எரியும் பொருள் உருமாறுகிறது. நிட்டிங் கூடத்தில் விட்டங்களின் மேல் படிந்த பஞ்சுத் தூசி, ஒரு பொறி பட்டால் நொடியில் கூடத்தின் மறுமுனைவரை தீயை ஓட்டிச் செல்லும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். எலாஸ்டேன் கலந்த துணியின் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கக்கூடும். சாயப்பட்டறையில் ‘ஹைட்ரோஸ்’ என்று அழைக்கப்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கந்தக டை ஆக்ஸைடை வெளியிடவும் கூடியது.

இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது பஞ்சுப் பொதி. மேல் சுடர் அணைந்த பிறகும் பொதியின் உள்ளே கனல் நகர்ந்துகொண்டே இருக்கும். இறுகக் கட்டிய பொதியில் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். உள்ளே எளிதில் இறங்காது. பனியன் வேஸ்ட் குடோன்களில் ஒருமுறை அணைத்த தீ மறுநாள் மீண்டும் எழுவதற்கு இதுவே காரணம்.

2.2 கட்டடமும் தெருவும்

தரைத்தளத்தில் ஒருவர் கட்டிங் வைத்திருப்பார். முதல் மாடியில் வேறொருவர் ஜாப் ஒர்க் தைப்பார். மேலே மூன்றாமவரின் குடோன். மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே தொழிலாளர் தங்குவார்கள். முழுக் கட்டடத்தையும் அறிந்தவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை பனியன் சந்தையில் 2023 ஜூனில் சுமார் 50 கடைகள் எரிந்தபோது, ஒட்டி ஒட்டி நிற்கும் கடைகளில் தீ எவ்வளவு எளிதாகத் தாவும் என்பதை ஊரே பார்த்தது. 2025 ஜூலையில் கல்லூரிச் சாலைப் பகுதியில் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்து 42 தகர வீடுகள் சாம்பலாயின. குடியிருந்த தொழிலாளர்கள் வேலைக்குச் சென்றிருந்த பகல் நேரம் என்பதால் உயிர்கள் தப்பின.

3. வரலாற்றுப் பாடம்: 1944

இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாள். அந்த நாளுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு பஞ்சுத் தீதான். 1944-இல் பம்பாயின் விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், கராச்சியில் ஏற்றிய சுமார் 8,700 பஞ்சுப் பொதிகளும் இருந்தன. ஏப்ரல் 14 பிற்பகலில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்போர் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினர். பொதிகளுக்கு நடுவே கனன்ற மூலத்தை அது எட்டவில்லை.

கப்பல் தலைவர், தீயணைப்பு அதிகாரிகள், வெடிபொருள் அதிகாரி, துறைமுக நிர்வாகம் என்று அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே நிறுத்தி அணைப்பதா என்று பேச்சு நடந்தது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆணை எவரிடமிருந்தும் பிறக்கவில்லை. மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்தது. சற்று நேரத்தில் இன்னொரு வெடிப்பும் நிகழ்ந்தது. பல நூறு பேருடன் 66 தீயணைப்போரும் மாண்டனர். அன்று தண்ணீருக்கோ ஆளுக்கோ துணிவுக்கோ பஞ்சமில்லை. “இங்கே பொறுப்பு என்னுடையது” என்று சொல்ல ஒரு குரல் இல்லாததே குறை.

4. பொறுப்பேற்றல்

4.1 சட்டமும் முறையும்

தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985, களத்தில் பணிக்குப் பொறுப்பாக நிற்பவருக்கு விரிவான அதிகாரம் தருகிறது. கூட்டத்தை விலக்கலாம், தெருவை மூடலாம், பூட்டை உடைக்கலாம், கிடைக்கும் நீர்நிலையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிகாரம் ஏட்டில் இருப்பது வேறு, களத்தில் உள்ள அனைவரும் அதை உணர்வது வேறு.

அந்த இடைவெளியை நிரப்பும் களக் கட்டளை முறை, 1970-இல் தெற்குக் கலிஃபோர்னியாவைச் சுட்ட காட்டுத்தீக்குப் பின் உருவானது. பல துறைகள் பல அலைவரிசைகளிலும் பல பதவிப் பெயர்களிலும் இயங்கிக் குழம்பிய அனுபவத்திலிருந்து, ஒரே தலைமை, பொதுவான சொற்கள், அளவான மேற்பார்வை என்ற விதிகள் பிறந்தன. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதே கட்டமைப்பை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப அமைத்தன. கட்டளை அலுவலர், அவருக்குத் துணையாகப் பாதுகாப்பு, தொடர்பு, தகவல் அலுவலர்கள், அவர்களின் கீழ்ச் செயல்பாடு, திட்டம், தளவாடம் என்ற பிரிவுகள் என்பது அதன் வடிவம். ஒருவர் மூன்று முதல் ஏழு பேரை மட்டுமே நேரடியாக மேற்பார்க்க வேண்டும். ஐந்து பேர் என்பது உகந்த அளவு.

4.2 முதல் ஐந்து நிமிடங்கள்

இத்தனை பெரிய கட்டமைப்பும் ஒரு வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் வரும் அலுவலர், அவர் முன்னணி தீயணைப்போராக இருந்தாலும், வாக்கி டாக்கியில் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: கண்டது, செய்யப்போவது, பொறுப்பேற்றது. “தரையும் இரண்டு மாடியும் கொண்ட பனியன் கம்பெனி. முதல் மாடி ஜன்னல்களில் கரும்புகை. மேல் மாடியில் ஆட்கள் இருப்பதாகத் தகவல். தெற்குப் படிக்கட்டு வழியாக மீட்புக்குச் செல்கிறோம். இன்னும் இரண்டு வண்டி தேவை. களப் பொறுப்பு என்னுடையது.” இருபது நொடியில் முடியும் இந்தச் செய்தியைக் கேட்ட கணத்திலிருந்து, பின்னால் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து அவர் கட்டடத்தை நான்கு புறமும் பார்க்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய திருப்பூர்த் தெருக்களில் சுற்றி வர இயலாது. பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஒருவரை அனுப்பிப் பின்புறத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்வதே வழி. அதே நேரத்தில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்சாரம் தெரிந்த ஒருவர் இ.பி. இணைப்போடு ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டு, வெயில் உள்ளவரை மின்சாரம் ஓயாத சோலார் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டுவார். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஸ்டோர்காரர் சொல்வார். ஷிஃப்டில் எத்தனை பேர் என்று சொல்வதற்கு கான்ட்ராக்டரோ லைன் சூப்பர்வைசரோ வேண்டும். ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் நிறைந்த இவ்வூரில், அந்த மொழி தெரிந்தவர் கட்டளை இடத்தில் இருப்பது ஓர் உயிர்காப்புக் கருவிக்குச் சமம். தமிழில் கூவும் அழைப்பு, புகைக்குள் ஒளிந்திருக்கும் ஒடிசா இளைஞருக்கு எட்டாது.

5. களத்தை நடத்துதல்

5.1 ஆள் கணக்கு

திருப்பூர் வடக்கு, தெற்கு நிலையங்களோடு அவிநாசி, பல்லடம் வண்டிகளும் வந்துவிட்டால் களத்தைப் பிரித்தாக வேண்டும்: முன்புறம், பின்புறம், மேல்தளம், நீர்வழங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் மட்டுமே கட்டளை அலுவலரிடம் பேசுவார். இருவருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும், அவர்களை மீட்க இருவர் மூச்சுக் கருவியோடு வெளியே தயாராக நிற்க வேண்டும் என்பது அடிப்படை விதி. வாசலில் ஒரு பலகையில் பெயர், நுழைந்த நேரம், சிலிண்டரின் காற்றழுத்தம் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். பீஸ் கணக்கை ஒன்று விடாமல் எழுதும் ஊரில் இந்தப் பலகை ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது.

5.2 நீர்க் கணக்கு

4,500 லிட்டர் கொள்ளும் வண்டியில் நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சும் ஒரு ஹோஸை இயக்கினால் பத்து நிமிடத்தில் வண்டி காலி. இரண்டு ஹோஸ் என்றால் ஐந்து நிமிடம். ஆகவே தண்ணீர் லாரிகளை அழைக்கும் ஆணை, தண்ணீர் தீரும் முன்னரே பிறக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. பாய்ச்சிய தண்ணீர் வடியாமல் துணியில் தங்கினால், ஒரு ஹோஸின் பத்து நிமிடம் மாடித் தளத்தில் நாலரை டன் கூடுதல் சுமை. தீயில் வலுவிழந்த தளம் அதைத் தாங்கவேண்டும். எவ்வளவு நேரமாக எந்த மாடிக்குத் தண்ணீர் போகிறது என்று வெளியே ஒருவர் கணக்கு வைக்காவிட்டால், ஹோஸ் பிடித்திருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

5.3 எல்லைக்கோடு

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயின்போது சிலிண்டர் வெடித்து, ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது காவல் துறையின் வேலை. எவ்வளவு தூரம் என்று சொல்வது கட்டளை அலுவலரின் வேலை. அந்தத் தூரத்தைச் சொல்லாமல் விட்டால் கயிறு கட்டப்படும், ஆனால் தவறான இடத்தில்.

6. பின்வாங்கும் ஆணை

கட்டளையின் கடினமான பகுதி இதுவே. துணிக் கட்டடங்களில் நிகழ்ந்த இரண்டு தமிழ்நாட்டுத் தீ விபத்துகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2017 மே 31-இல் சென்னை தியாகராய நகரில் ‘தி சென்னை சில்க்ஸ்’ கட்டடம் எரிந்தபோது, அடர்புகையால் உள்ளே நெருங்க முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் பெரும்பாலும் வெளியிலிருந்தே தண்ணீர் பாய்ச்சப்பட்டது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. தீயணைப்போர் எவரும் அந்தத் தீயில் உயிரிழக்கவில்லை. 2020 தீபாவளியை ஒட்டி மதுரையில், பழைய கட்டடமொன்றில் இயங்கிய ஜவுளிக்கடையில் தீயணைத்தபோது கட்டடம் இடிந்து, இரண்டு தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் கலச மகாலிலும் கூரை சரிந்து நிலைய அலுவலர் ஒருவர் உயிர்நீத்தார். அப்போதைய கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடும் தீக்காயமடைந்தார்.

இவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. அதை மதிப்பது என்றால், அடுத்த களத்தில் அதே நிலை நேராமல் பார்ப்பதே. சுவரில் விரிசல், தளம் தொய்தல், பல நிமிடம் தண்ணீர் பாய்ச்சியும் தணியாத தீ, அழுத்தத்தோடு துடிக்கும் கரும்புகை, இவை உள்ளே இருப்பவருக்குத் தெரியா. வெளியே நிற்பவருக்கே தெரியும். மீட்க உயிர் இல்லாத கட்டடத்தில், சரக்குக்காக ஆளை உள்ளே வைத்திருப்பதில் நியாயம் இல்லை. 2007-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சோஃபா விற்கும் கடை ஒன்றில் 9 தீயணைப்போர் மாண்ட பிறகு நடந்த விசாரணைகளும், களக் கட்டளையின் குறையையே முக்கியமாகச் சுட்டின.

7. பொறுப்பு மாற்றமும் முடிப்பும்

மாவட்ட அலுவலர் வந்த உடனே பொறுப்பு தானாக அவரிடம் போய்விடாது. முதல் அலுவலர் நேருக்கு நேர் நின்று, தீயின் நிலை, ஆட்கள் நிற்கும் இடம், கொடுத்த ஆணைகள், கண்ட ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். புதியவர் ஏற்றதை வாக்கி டாக்கியில் அறிவிக்க வேண்டும். அமைச்சரோ ஆட்சியரோ களத்துக்கு வந்தாலும், ஹோஸ் பிடித்திருப்பவருக்கு ஆணை ஒரே வழியாகத்தான் வர வேண்டும்.

பஞ்சுத் தீயில் சுடர் அடங்கியது முடிவாகாது. பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பிரித்து, உதறி நனைக்க வேண்டும். களைத்த ஆட்கள் மூச்சுக் கருவியைக் கழற்றிவிட்டு, நனைந்து கனத்த தளத்தின் கீழ் நடமாடும் நேரமும் அதுவே. ஆகவே கடைசிப் பொதி பிரிக்கப்படும்வரை கட்டளை கலையக் கூடாது. வாசல் பலகையும் அகலக் கூடாது.

8. முடிவும் பரிந்துரையும்

இவ்வாய்விலிருந்து மூன்று நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பல குத்தகைதாரர் இருக்கும் ஒவ்வொரு கட்டடமும், தளவாரியாகச் சரக்கு, ரசாயனம், சிலிண்டர், மின்னிணைப்பைத் துண்டிக்கும் இடம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வாசல் காவலாளியிடம் வைக்க வேண்டும். இரண்டாவதாக, தீயணைப்பு ஒத்திகைகள் ஹோஸ் இழுப்பதோடு நிற்காமல், பொறுப்பேற்கும் செய்தி, பொறுப்பு மாற்றம், பின்வாங்கும் ஆணை ஆகியவற்றையும் பயிற்றுவிக்க வேண்டும். மூன்றாவதாக, சரக்கைக் காப்பாற்றச் சொல்லி அலுவலரை உள்ளே தள்ளும் வழக்கத்தை ஊரார் கைவிட வேண்டும்.

எரிந்த துணியை மீண்டும் பின்ன இவ்வூருக்குத் தெரியும். கம்பெனி வாசலில் கையில் பலகையோடு நிற்கும் அலுவலரைக் கண்டால், “ஏன் உள்ளே போகாமல் நிற்கிறார்?” என்று கேட்காமல் அவருக்கு வழிவிடுவோம். உள்ளே போனவர்களின் பெயர்கள் அந்தப் பலகையில் இருக்கின்றன.