சார்ட்டர் பள்ளி டீச்சர்: கவர்ன்மெண்டா, பிரைவேட்டா?

தில்லியில் நம்மவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிற கேள்வி இது. "சார், எங்க மருமக அமெரிக்காவுல ஏதோ சார்ட்டர் ஸ்கூல்ல டீச்சராம். அது கவர்ன்மெண்டா, பிரைவேட்டா?"

இங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 20 வருஷத்துக்கும் மேலாகக் கணக்கு வாத்தியாராகக் குப்பை கொட்டுகிறேன். அதனால் பள்ளிக்கூட சமாசாரம் எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. "ரெண்டும்தான்" என்றால் யாருக்கும் திருப்தி இல்லை. பழைய கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும்.

முதலில் பெயர். சார்ட்டர் என்றால் பட்டயம். 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்ததும் சார்ட்டர்தான். அதைப் புதுப்பித்த 1813ஆம் வருஷச் சட்டத்தில்தான் இந்தியாவில் கல்விக்கென்று ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னார்கள். 'இந்த வேலையை இத்தனை வருஷத்துக்கு நீ நடத்திக்கொள். சரியாக நடத்தாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வேன்' என்பதுதான் பட்டயத்தின் சாரம்.

இதைப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்திப் பார்த்தவர் ரே பட்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1974இலேயே எழுதிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1988இல் அதை ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1960களில் நியூயார்க் ஆசிரியர் வேலைநிறுத்தங்களுக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். ஆமாம், இந்த யோசனையைத் தூக்கிப் பிடித்தது தொழிற்சங்கம்தான்!

ஷாங்கர் 1987இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பள்ளியைப் பார்த்தார். அங்கே ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து, ஐந்தாம் வகுப்பில் வந்த பிள்ளைகளைப் பத்தாவது வரை தாங்களே கூட்டிக்கொண்டு போனார்கள். பாடத்தையும் நேரத்தையும் தீர்மானித்ததும் அவர்களே. இதே மாதிரி சில ஆசிரியர்கள் சேர்ந்து திட்டம் போடட்டும், சங்கமும் கல்வி வாரியமும் ஒப்புதல் கொடுக்கட்டும், பிறகு 5 முதல் 10 வருஷம் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்றார். சங்கப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். அதிகாரிகளின் நச்சரிப்பு மட்டும் குறையும்.

முதல் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. அடுத்த வருஷமே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. படிப்பைப் பாதியில் விட்ட சுமார் 35 பிள்ளைகளுக்கான பள்ளி அது. அந்தச் சட்டப்படி பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். 2009இல் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். மற்ற மாநிலங்கள் பலவற்றில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. 'வாத்தியார்களின் பள்ளி' என்று தொடங்கியது 'சங்கம் இல்லாத பள்ளி' என்று ஆகிப்போனது. ஷாங்கரே சில வருஷங்களில் மனம் வெறுத்து இதை விமர்சிக்கத் தொடங்கினார்.

சரி, அங்கே வேலை எப்படி? பள்ளியில் ஃபீஸ் கிடையாது. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது தனி நிர்வாகம். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். ஆனால் டீச்சருக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். பல இடங்களில் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். பட்டயத்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை பரிசீலனை செய்வார்கள். அப்போது பரீட்சை மார்க்கும் முக்கியம். நிர்வாகத்தின் பயம் படியிறங்கி வகுப்பறைக்கு வந்துவிடும்.

1994இல் ஹூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய கிப் பள்ளிகளைப் பாருங்கள். காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை பள்ளி, சனிக்கிழமை வகுப்பு, கோடை விடுமுறையிலும் சில வாரம். வீட்டுப் பாடத்தில் சந்தேகம் வந்தால் ராத்திரியும் பிள்ளைகள் கூப்பிடலாம் என்று டீச்சர் கையில் செல்போன் வேறு. பலன் இல்லாமல் இல்லை. நகர்ப்புற சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் வருஷத்துக்கு 40 நாள் படிப்புக்குச் சமமான அளவு கூடுதலாக முன்னேறினார்கள் என்று 2015இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் 2003-04இல் சார்ட்டர் ஆசிரியர்களில் 25 சதவீதம் பேர் பள்ளியையோ தொழிலையோ விட்டுப் போனார்கள். வழக்கமான அரசுப் பள்ளிகளில் 14 சதவீதம்தான்.

நியூ ஆர்லியன்ஸ் கதை இன்னும் கடுமை. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். வழக்கு 2014இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2019இல் ஊரின் பொதுப் பள்ளிகள் அத்தனையும் சார்ட்டர் ஆகிவிட்டன. மாவட்ட நிர்வாகம் தானே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றை மறுபடி திறந்தது 2024இல்தான்.

இப்போது நம்ம ஊர்க் கதை. அரசு பணம், தனியார் நிர்வாகம் என்பது நமக்குப் புதுசா என்ன? 1854இல் வுட் அறிக்கை சொன்ன மானிய முறை அதுதானே! நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட பள்ளியில் படித்து வந்தவர்கள். அங்கே அந்தக் கால வாத்தியாரின் நிலை என்ன? கையெழுத்துப் போடும் சம்பளம் ஒன்று, கைக்கு வருவது வேறு. கேரளாவில் 1957இல் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி, தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும்படி மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் 1959இல் அந்த ஆட்சி கலைக்கப்பட முக்கியக் காரணங்களில் ஒன்று. தில்லியில் 1973ஆம் வருஷச் சட்டம் வந்தது. உதவி பெறும் பள்ளியில் சம்பளத்தில் 95 சதவீதம் அரசு தரும், 5 சதவீதம் நிர்வாகம் தரும். கல்வி இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது.

பணம் வரும் வழியும் நிர்வாகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பாதை நேர் எதிர். நாம் பாதுகாப்பு இல்லாமல் தொடங்கி, சண்டை போட்டுச் சட்டம் வாங்கினோம். அங்கே பாதுகாப்போடு யோசித்த திட்டம், அது இல்லாமல் ஓடியது. எங்களுக்கும் குறை உண்டு. புதுசாக ஒரு பாடம் நடத்தக்கூட சர்குலர் பார்க்க வேண்டும். ஷாங்கர் கேட்ட சுதந்திரம் எங்களுக்கும் கிடைக்கவில்லை.

அங்கேயும் காற்று திரும்பாமல் இல்லை. 2018 டிசம்பரில் சிகாகோவின் அசெரோ குழுமத்தில் 500க்கும் மேற்பட்டோர் 15 பள்ளிகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. வகுப்புக்கு 32 என்ற உச்ச வரம்பு 30 ஆனது. அரசுப் பள்ளிக்கு இணையான சம்பளத்துக்கும் வழி பிறந்தது.

அதனால் மருமகளுக்கு வேலை கிடைத்தால் "கவர்ன்மெண்டா, பிரைவேட்டா" என்று கேட்பதைவிட இதைக் கேட்கச் சொல்லுங்கள். பட்டயம் இன்னும் எத்தனை வருஷம்? ஒப்பந்தம் எத்தனை வருஷம்? பென்ஷன் மாநிலத் திட்டத்திலா? நிர்வாகக் குழுவில் வாத்தியார் யாராவது உண்டா? இந்தக் கேள்விகள் தில்லிக்கும் பொருந்தும். இங்கே அரசுப் பள்ளிகளில் எத்தனையோ கெஸ்ட் டீச்சர்கள், வேலை பார்த்த நாளுக்கு மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவு மாதத்தில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்களில் அவர்களும் உண்டு.